கிளியரன்ஸ் யாருடையது?

1953 ஏப்ரல் 17 அன்று அமெரிக்கக் கடற்படைச் செயலர் ராபர்ட் ஆண்டர்சன் ஒரு தனியார் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கம்பெனியின் பெயர் எஞ்சினியரிங் அண்ட் ரிசர்ச் கார்ப்பரேஷன், சுருக்கமாக எர்கோ. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில், ரிவர்டேல் என்ற ஊரில் இருந்தது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: உங்கள் கம்பெனியில் இருக்கும் வில்லியம் கிரீன் என்பவரின் கோப்பைப் பார்த்தேன். கடற்படையின் ரகசியங்கள் அவர் கண்ணில் படுவது நாட்டின் பாதுகாப்புக்கு நல்லதல்ல. அவரை உங்கள் தொழிற்சாலைக்குள் விடாதீர்கள்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது அனுப்பிய முகவரி. கடிதம் கிரீனுக்கு எழுதப்படவில்லை. அவருடைய வேலையை, பெயரை, அடுத்த பத்து வருடத்தைப் பற்றிய கடிதம் அவருடைய முதலாளிக்குப் போகிறது. கிரீனும் சாதாரண ஊழியர் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் முடித்து 1937-ல் எர்கோவில் ஜூனியர் எஞ்சினியராகச் சேர்ந்து, படிப்படியாக வைஸ் பிரசிடெண்டாகவும் ஜெனரல் மேனேஜராகவும் ஆனவர். கடற்படை நீண்ட காலம் பயன்படுத்திய ஒரு ராக்கெட் லாஞ்சரை வடிவமைத்தவர். விமானிகளைத் தரையிலேயே பழக்கும் எலக்ட்ரானிக் சிமுலேட்டர் ஒன்றை உருவாக்கும் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. ஆக, எந்த ரகசியத்தைப் பார்க்கக்கூடாது என்றார்களோ, அதில் ஒரு பகுதியை உண்டாக்கியதே அவர்தான்.

எர்கோ என்ன செய்யும்? கடற்படை ஆர்டர்தான் சோறு. கிரீன் வெளியே போனார்.

அமெரிக்காவில் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஓப்பன்ஹைமர் ஞாபகம் வரும். நோலனின் படம் வந்த பிறகு அந்த விசாரணை அறை எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் எனக்கு ஓப்பன்ஹைமரை விடக் கிரீனின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. ஓப்பன்ஹைமர் மாமேதை, அவர் விழுந்தாலும் அது காவியம். கிரீன் நம்மைப் போல மாதச் சம்பளம் வாங்கிய எஞ்சினியர். இன்று அமெரிக்க ராணுவ கான்ட்ராக்ட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான பேர், ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மாட்டிக்கொள்ளும் சிக்கலின் வேர் அவருடைய வழக்கில் இருக்கிறது.

கிரீன் மேல் அப்படி என்ன சந்தேகம்? 1953-க்கு முன்பே ஒரு சுற்று நடந்துவிட்டது. 1951 நவம்பரில் அவருடைய கிளியரன்ஸை முதல் முறை மறுத்தார்கள். குற்றச்சாட்டுகளைப் படித்தால் சிரிப்பு வரும், வந்த கையோடு வயிற்றையும் கலக்கும். அவருடைய முதல் மனைவி தீவிரக் கம்யூனிஸ்ட். நண்பர்கள் பலர் கம்யூனிஸ்ட்டுகள். சோவியத் தூதரக அதிகாரிகளைச் சந்தித்திருக்கிறார். வாஷிங்டன் புக் ஷாப் அசோசியேஷன் என்ற சங்கத்தில் உறுப்பினர்.

முதல் மனைவியை 1947-லேயே விவாகரத்து செய்தாயிற்று என்றார் கிரீன். கருத்து வேறுபாடும் அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம் என்றார். தூதரகத்துக்குப் போனது? கம்பெனிச் சரக்கை ரஷ்யர்களுக்கு விற்கப் பார்த்தோம், அதற்காகத்தான் என்றார். போர்க்காலத்தில் ரஷ்யா அமெரிக்காவின் கூட்டாளி என்பதை நினைவில் வையுங்கள். அன்றைக்கு வியாபாரம், ஐந்தாறு வருடம் கழித்து அதே சந்திப்பு துரோகத்தின் அடையாளம்.

புத்தகக் கடை விஷயம்தான் என்னை நிறுத்தியது. அது கூட்டுறவு முறையில் நடந்த இடதுசாரிக் கடை. உறுப்பினரானால் புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் தள்ளுபடி கிடைக்கும். பின்னாளில் அரசு அதை 'நாட்டுக்கு எதிரான அமைப்பு' என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் பெரல்மானின் பௌதிகப் புத்தகமோ, இரோதோவின் கணக்குப் புத்தகமோ மலிவு விலையில் வாங்காத எஞ்சினியரிங் தலைமுறை உண்டா? மீர் பதிப்பகத்தின் அந்தக் கெட்டி அட்டைகளை வைத்து நம்மில் எத்தனை பேருக்குக் கோப்பு திறந்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

1952 ஜனவரியில் விசாரணை நடந்தது. கம்பெனியின் உயர் அதிகாரிகளும் அவரோடு வேலை பார்த்த ராணுவ அதிகாரிகளும் வந்து, இவர் நம்பகமானவர் என்று சாட்சி சொன்னார்கள். அரசுத் தரப்பில் ஒரு சாட்சிகூட வரவில்லை. ஆனால் விசாரித்தவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே அவர்கள் கையில் வேறு ஏதோ அறிக்கைகள் இருப்பது தெரிந்தது. அவற்றை கிரீனுக்குக் காட்டவில்லை. இருந்தும் அந்த முறை அவர் ஜெயித்தார், கிளியரன்ஸ் திரும்பக் கிடைத்தது. கதை முடிந்தது என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

ஆட்சி மாறியது. 1953 மார்ச்சில் பழைய விசாரணை வாரியங்களைக் கலைத்துவிட்டுப் புதிய அமைப்பைக் கொண்டு வந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஆண்டர்சனின் கடிதம். புதிய குற்றச்சாட்டு எதுவும் கிடையாது, புதிய விசாரணையும் கிடையாது. பழைய கோப்பைப் புதிய ஆள் படித்தார், அவ்வளவுதான். கிரீன் மறு விசாரணை கேட்டார், வருடம் கழித்து 1954 ஏப்ரலில்தான் நடந்தது. அதிலும் அதே கதை. அவருக்கு எதிராகப் பேசியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. இதைவிட மோசம், அந்த ஆட்களை விசாரணை வாரியத்தில் இருந்தவர்களே பார்த்ததில்லை. யாரோ எழுதிக்கொடுத்த தாளை இவர்கள் படித்தார்கள். முடிவு, கிளியரன்ஸ் இல்லை.

இந்த இடைப்பட்ட காலத்தில் கிரீன் வேலை தேடினார். விமானத் துறையில் கிளியரன்ஸ் இல்லாமல் அன்றைக்கு என்ன வேலை இருக்கிறது? வருடத்துக்கு 18,000 டாலர் வாங்கிய மனிதர், கடைசியில் ஒரு கட்டிட வரைபட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அரசாங்கத்தின் வாதம் என்ன தெரியுமா? நாங்கள் இவரை வேலையை விட்டு எடுக்கவில்லையே, இவர் எங்கள் ஊழியரே இல்லையே, தனியார் கம்பெனிதானே எடுத்தது! ரகசியத்தைக் காட்டமாட்டோம் என்றோம், அவ்வளவுதான்.

சட்டப்படி சாமர்த்தியமான வாதம்தான். கிணற்றை மட்டும் மூடிவிட்டு, தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்பது போல.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. எட்டு நீதிபதிகள் கிரீன் பக்கம், டாம் கிளார்க் மட்டும் எதிர்ப்பக்கம். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் ஒரு சுவாரசியமான அடிக்குறிப்பு உண்டு. பைபிளில் பவுல் கைதியாக இருக்கும்போது ரோமானிய ஆளுநர் பெஸ்து, குற்றம் சாட்டியவர்களை நேருக்கு நேர் நிறுத்தாமல் ஒருவனைத் தண்டிப்பது ரோமர்களின் வழக்கமில்லை என்று அரசனிடம் சொல்லும் இடம். அதை வாரன் எடுத்துக் காட்டுகிறார். ரோமாபுரிக்குத் தெரிந்த நியாயம் வாஷிங்டனுக்குத் தெரியாமல் போனதே என்று நேராகச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிறது.

ஆனால் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிளியரன்ஸ் கிரீனின் உரிமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இப்படி முகம் தெரியாத சாட்சியை வைத்து ஒருவரின் பிழைப்பைப் பறிக்க ஜனாதிபதியோ காங்கிரஸோ உங்களுக்கு வெளிப்படையாக அதிகாரம் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னது. ஒரு கதவை மூடியது, பக்கத்திலேயே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. ஐசனோவர் அந்த ஜன்னலைப் பயன்படுத்திக்கொண்டார். 1960 பிப்ரவரி 20 அன்று ஆணை எண் 10865 வந்தது. கான்ட்ராக்ட் கம்பெனி ஊழியர்களின் கிளியரன்ஸை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், நேரில் விசாரணை வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விதிவிலக்குகளும் உண்டு, ரகசியத் தகவலாளி என்றால் மறைக்கலாம். ஆனாலும் இது பெரிய மாற்றம். அறுபது வருடத்துக்கும் மேலாக அந்த ஆணைதான் அடித்தளம். இதில் ஒரு வேடிக்கை, அரசாங்கத்தின் நேரடி ஊழியருக்கு இல்லாத முழு விசாரணை, கிரீன் புண்ணியத்தில் கான்ட்ராக்ட் ஊழியருக்கு நீண்ட காலம் கிடைத்து வந்தது.

சரி, இந்த கிளியரன்ஸ் என்பதுதான் என்ன? டிரைவிங் லைசன்ஸ் மாதிரி நாம் போய் விண்ணப்பித்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டை என்று நினைத்தால் தவறு. தனி மனிதர் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. கான்ட்ராக்ட் வைத்திருக்கும் கம்பெனி, இந்த வேலைக்கு இந்த ஆள் தேவை என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் நூறு பக்கத்தைத் தாண்டும் அந்தப் படிவம் வரும். எஸ்எஃப்-86 என்று பெயர். இருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வாங்கிய கடன், போன நாடுகள், வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள், சாப்பிட்ட மாத்திரை வரை கேட்கும். விசாரித்து, தகுதி உண்டு என்று அரசு முடிவு செய்கிறது. அந்தத் தகுதியை உயிரோடு வைத்திருக்கும் நூல் கம்பெனியின் கையில் இருக்கிறது. வேலையை விடும் நாளில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பேட்ஜைப் பிடுங்கி, நூலை அறுத்துவிடுவார்கள். தகுதி எங்கோ ஒரு கணினியில் தூங்கும். இன்னொரு கம்பெனி வந்து நூலைப் பிடித்தால் எழுந்துகொள்ளும். யாரும் பிடிக்கவில்லை என்றால், நீண்ட காலம் இருந்த கணக்குப்படி 24 மாதத்தில் காலாவதி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் ஐடி உலகத்தில் ரிலீவிங் லெட்டர் என்று ஒன்று இருக்கிறதே, கிட்டத்தட்ட அதன் பூதாகரமான அண்ணன். பழைய கம்பெனி கடிதம் தராமல் இழுத்தடித்தால் புதிய கம்பெனியின் பின்னணிச் சோதனையில் நம் பெயர் மஞ்சளில் நிற்கும். நான் வேலை மாறியபோது மூன்று வாரம் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தூக்கம் போனது. ஆனால் எனக்கு அது மூன்று வாரம். பின்னால் ராணுவமும் இல்லை, உளவுத்துறையும் இல்லை.

ஓப்பன்ஹைமரின் விஷயத்தில்கூட மையத்தில் இருந்தது ஒரு கான்ட்ராக்ட்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் அணுசக்தி ஆணையத்தின் ஊழியரல்லர், ஆலோசகர். அந்த ஒப்பந்தம் 1954 ஜூன் 30-ல் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலே போதும், கிளியரன்ஸ் தானாக உதிர்ந்திருக்கும். 1953 டிசம்பரில் ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் அவரைக் கூப்பிட்டு, நீங்களே விலகிக்கொள்ளலாமே என்று ஜாடையாகச் சொல்லியும் பார்த்தார். ஓப்பன்ஹைமர் மறுத்தார். விலகினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்பது அவர் எண்ணம். ஏப்ரல் 12 முதல் மே 6 வரை விசாரணை நடந்தது. ஜூன் 29-ல் ஆணையம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராக வாக்களித்தது. மறுநாள் எப்படியும் முடியப்போகிற ஒன்றை முந்தின நாள் பறித்தார்கள். காகிதத்தில் முடிவது வேறு, பறிபோவது வேறு. அந்த முடிவை அமெரிக்க எரிசக்தித் துறை ரத்து செய்தது 2022 டிசம்பரில். அவர் இறந்து 55 வருடம் ஆகியிருந்தது.

பறிப்பதற்குப் பதிலாகத் தாமதிப்பது என்று இன்னொரு வழி உண்டு, சத்தமே வராது. 1980-களில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 'ஹை டெக் கேஸ்' என்று ஒரு சங்கம் இருந்தது, தன்பாலீர்ப்பு கொண்ட எஞ்சினியர்களின் சங்கம். அவர்கள் ராணுவ கான்ட்ராக்ட் கம்பெனிகளில் கிளியரன்ஸ் கேட்டால், எல்லோருக்கும் நடக்கும் சோதனையோடு விடாமல், கூடுதல் விசாரணைக்கு அனுப்பிவிடுவார்கள். மறுப்பு இல்லை, காத்திருப்பு மட்டும். ஆனால் இந்தத் துறையில் காத்திருப்பே மறுப்புதான், புராஜெக்ட் நமக்காக நிற்காது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1987-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 1990-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். பாலின ஈர்ப்பை மட்டும் காரணம் காட்டி கிளியரன்ஸை மறுக்கக்கூடாது என்று கிளிண்டன் ஆணையிட்டது 1995-ல். ஃபிராங்க் காமெனி என்ற வானியலாளர் ராணுவ வரைபடத் துறை வேலையை இழந்தது 1957-ல். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மறுபடி அந்தத் துறையில் காலூன்றவே முடியவில்லை. மிச்ச வாழ்நாளில் தன்னைப் போல கிளியரன்ஸ் சிக்கலில் மாட்டியவர்களுக்காக விசாரணைகளில் போய் வாதாடிக்கொண்டிருந்தார். நட்சத்திரம் பார்க்க வேண்டிய மனிதர்!

1988-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இந்த விஷயத்துக்கு வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ப்ரெமர்டனில் டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் தாமஸ் ஈகன் என்ற தொழிலாளிக்குக் கிளியரன்ஸ் மறுத்து, அதனால் வேலையிலிருந்தும் நீக்கினார்கள். பழைய குற்றத் தண்டனைகளும் அவற்றில் சிலவற்றைப் படிவத்தில் சொல்லாததும் காரணம். ஐந்துக்கு மூன்று என்ற தீர்ப்பு தெளிவாகச் சொன்னது: கிளியரன்ஸ் பெறும் உரிமை யாருக்கும் கிடையாது. அதைக் கொடுப்பது அரசின் விருப்பத்துக்கு உட்பட்ட முடிவு, அந்த முடிவின் உள்ளடக்கத்துக்குள் வெளியாட்கள் தலையிட முடியாது. கிரீன் தீர்ப்பு திறந்து வைத்திருந்த ஜன்னல் இப்போது வாசலாகவே ஆனது. எப்படி மறுத்தீர்கள் என்று கேட்கலாம். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்க முடியாது.

இந்தப் பின்னணியோடு இன்றைய வேலை மாற்றத்துக்கு வருவோம்.

வாஷிங்டனைச் சுற்றியிருக்கும் கான்ட்ராக்ட் உலகத்தில் வேலை மாறுவது பல நேரம் ஆள் நகராமலே நடக்கும். ஐந்து வருட ஒப்பந்தம் முடிகிறது, மறு டெண்டரில் வேறு கம்பெனி ஜெயிக்கிறது. அதே கட்டிடம், அதே நாற்காலி, அதே கணினி. திங்கட்கிழமை காலையில் கழுத்தில் தொங்கும் பேட்ஜின் நிறமும் சம்பளச் சீட்டில் கம்பெனி பெயரும் மட்டும் மாறியிருக்கும். பழைய கம்பெனி நூலை விட, புதிய கம்பெனி பிடிக்க, ஒரு சில சொடுக்குகளில் வேலை முடிந்துவிடும். ஒழுங்காக நடந்தால் இவ்வளவுதான்.

ஒரு துறை கொடுத்த கிளியரன்ஸை இன்னொரு துறை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2004-லேயே சட்டம் போட்டாயிற்று. நடைமுறையில் ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு பிடிவாதம் வைத்திருக்கும். ஒருவர் பாலிகிராஃப் கேட்பார், ஒருவர் 'தகுதி வேறு, எங்கள் இலாகாவுக்குப் பொருத்தம் வேறு' என்று தனியாக ஒரு சோதனை போடுவார். எரிசக்தித் துறைக்கு க்யூ, எல் என்று தனி எழுத்துகளே உண்டு. நம் ஊரில் ஒரு தாலுகா ஆபீஸ் கொடுத்த சான்றிதழை இன்னொரு ஆபீஸ் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ஊழியர் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது கான்ட்ராக்ட் கம்பெனியின் கடமை. கடன் கட்டவில்லை, போதையில் கைதானார், ரகசியத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார், எதுவாகவும் இருக்கலாம். ஆள் வேலையை விட்டுப் போகும்போதோ போன பிறகோ அப்படி ஒரு புகாரை ஏற்றிவிட்டால் கதை சிக்கலாகும். கணினியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கொடி ஏறிவிடும். புதிய கம்பெனி பார்க்கும், இந்தத் தலைவலி நமக்கெதற்கு என்று விலகும். சரி, புகார் உண்மையா பொய்யா என்று விசாரித்து முடியுங்கள் என்று அரசைக் கேட்டால், இப்போது உங்களுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்கவில்லை, அதனால் உங்களை விசாரிக்கும் அதிகார வரம்பே எங்களுக்கு இல்லை என்று கோப்பை அப்படியே நிறுத்தி வைத்துவிடுவார்கள். கம்பெனி பொறுப்பேற்றால்தான் விசாரணை. விசாரணை முடிந்தால்தான் கம்பெனி பொறுப்பேற்கும். 'பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்று நம் பாட்டிகள் சொன்னதை பென்டகன் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆணை 10865 கொடுத்த உரிமைகள் எல்லாம் இங்கே செல்லாமல் நிற்கின்றன. காரணக் கடிதம் வந்தால்தானே பதில் எழுத முடியும்? விசாரணை என்று ஒன்று ஆரம்பித்தால்தானே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும்? கிரீன் மேல் எழுத்தில் ஒரு குற்றச்சாட்டாவது இருந்தது, மறுக்க ஒரு எதிரி இருந்தார். இங்கே யாரும் எதையும் மறுக்கவில்லை. கோப்பு திறந்தபடி கிடக்கிறது, அவ்வளவுதான்.

பழைய முதலாளி வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் அவதூறு வழக்குப் போடலாமே என்று தோன்றும். அதற்கும் விடை 1967-லேயே வந்துவிட்டது. ஃபில்கோ என்ற கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள், தங்களைப் பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கை அவதூறு என்று வழக்குத் தொடுத்தார்கள். சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய அறிக்கை என்பதால் கம்பெனிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுக்காகப் பேசும்போது கம்பெனி அரசின் வாய். கிரீனின் வேலை பறிபோனபோது மட்டும் அது தனியார் கம்பெனி. இந்த இரட்டை வேஷத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளியரன்ஸ் சுலபமாகக் கைமாறியதால் நடந்த விபரீதமும் இருக்கிறது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படை வளாகத்தில் ஆரன் அலெக்சிஸ் என்பவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் கடற்படையில் இருந்தபோது வாங்கிய கிளியரன்ஸ், வெளியே வந்த பிறகு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி வேலைக்கு அப்படியே கைமாறியது. 2004-ல் அவர் ஒரு காரின் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதானவர், ஆனால் கடற்படை பார்த்த பின்னணி அறிக்கையில் துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு தனக்குக் குரல்கள் கேட்கின்றன என்று போலீஸிடமே சொன்னார். கம்பெனி அவருடைய அனுமதியைச் சில நாள் நிறுத்திவைத்து, பிறகு திரும்பக் கொடுத்தது, அரசுக்குப் புகார் போகவில்லை. அதே வருடம் எட்வர்ட் ஸ்னோடன் டெல் கம்பெனியிலிருந்து பூஸ் ஆலன் ஹாமில்டனுக்கு மாறினார். அவருக்கு வேண்டிய தகவல்கள் அங்கே கிடைக்கும் என்பதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று அவரே பின்னர் சொன்னார். மூன்று மாதம்கூட அங்கே இல்லை. ஸ்னோடன் செய்தது சரியா தவறா என்பது வேறு கட்டுரை. அதிகாரிகளின் கண்ணில் இரண்டுக்கும் பொதுவான அம்சம் ஒன்றுதான், வேலை மாறிய ஆள்.

விளைவு, எல்லாம் இறுகியது. விசாரணை வேலையின் பெரும்பகுதியைச் செய்துவந்த யூஎஸ்ஐஎஸ் என்ற தனியார் கம்பெனி, அரைகுறையாகச் செய்த விசாரணைகளை முழுமையானவை என்று ஒப்படைத்ததாக வழக்கில் சிக்கி, கான்ட்ராக்டை இழந்தது. 2015-ல் அரசின் பணியாளர் துறைக் கணினிகளிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோனது வெளியே வந்தது. அந்த நூறு பக்கப் படிவத்தில் நம்பி எழுதிக் கொடுத்த கடன், காதல், மனநல சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். 56 லட்சம் பேரின் கைரேகையும் போனது. கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை என்ன செய்வது? 2018-ல் தேங்கிக் கிடந்த விசாரணைகள் ஏறக்குறைய 7,25,000. உயர்மட்ட கிளியரன்ஸுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. இந்தச் சூழலில் ஏற்கெனவே கிளியரன்ஸ் உள்ள ஆளுக்குச் சந்தையில் தங்க விலை, கொடி ஏறிய ஆளுக்குத் தீண்டாமை. பிறகு நிர்வாகத்தை மாற்றி அமைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோண்டுவதற்குப் பதிலாக, கைது, கடன், பயணம் என்று கணினி விடாமல் கண்காணிக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். தேக்கம் வெகுவாகக் குறைந்தது. நூல் கம்பெனியின் கையில் இருப்பது மட்டும் மாறவில்லை.

இந்த வழக்குகளின் தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கி இணையத்தில் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இரவில் நாவல் போலப் படிக்கலாம், நான் படிக்கிறேன். உளவாளிகள் அநேகமாக வருவதில்லை. மருத்துவமனை பில், விவாகரத்துக்குப் பின் கட்டாத வீட்டுக்கடன், வரி பாக்கி, இவைதான் அதிகம். கடனில் இருப்பவனை விலைக்கு வாங்கலாம் என்பது தர்க்கம். அடுத்தபடியாக வெளிநாட்டுச் சொந்தங்கள். இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களின் கதைகளும் அங்கே உண்டு. ஊரில் இருக்கும் அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியரா, தம்பி எங்கே வேலை பார்க்கிறான், ஊரில் சொத்து எவ்வளவு, வாரம் எத்தனை முறை போன் பேசுவீர்கள் என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை போன் பண்ணுவதை ஒரு நீதிபதி எடை போடுவார். படிவத்தில் சின்ன மாமாவின் பெயரை விட்டுவிட்டால் மறதியா மறைப்பா என்று இரண்டு பக்கம் ஓடும். நம் குடும்பங்களில் சொந்தக்காரர் பட்டியல் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று யாருக்குத் தெரியும்?

கிரீனுக்கு என்ன ஆனது? 1959-ல் ஜெயித்த பிறகு, இழந்த சம்பளத்தைக் கேட்டார். அப்படிக் கொடுக்கலாம் என்று பாதுகாப்புத் துறையின் 1955 விதியிலேயே இருந்தது. துறை என்ன பதில் சொன்னது? சரி, தருகிறோம், ஆனால் இன்றைய விதிகளின்படி கிளியரன்ஸுக்குத் தகுதியானவர் என்று முதலில் நிரூபியுங்கள், புதிய விசாரணைக்கு வாருங்கள். அவர் மறுத்துவிட்டு மறுபடி நீதிமன்றப் படி ஏறினார். 1964-ல் உச்ச நீதிமன்றம் இரண்டாவது முறையும் அவர் பக்கம் நின்றது, அந்த நிபந்தனை செல்லாது என்றது. ஆண்டர்சனின் கடிதம் ரிவர்டேலுக்கு வந்து 11 வருடம் ஆகியிருந்தது. அவர் வளர்த்த எர்கோவும் அதற்குள் வேறொரு பெரிய கம்பெனியின் கைக்குப் போய்விட்டிருந்தது.